உலாவி விளையாட்டுகளை ஒரே தட்டில் வைத்து எடைபோடலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உலாவியில் திறந்த மாத்திரத்தில் ஆடக்கூடிய சிறு விளையாட்டுகளைப் பற்றித் தங்கள் நாளிதழின் வார இணைப்பில் அண்மையில் வெளியான கட்டுரையைப் படித்தேன். பிரவுசர் கேம் என்று பொதுவாக அழைக்கப்படும் இவை யாவும் நேரத்தைத் தின்பதற்காகவே செய்யப்பட்டவை என்றும், பெரிய நிறுவனங்கள் பல ஆண்டுகள் உழைத்து வெளியிடும் விளையாட்டுகளில் காணப்படும் வடிவமைப்பு நேர்த்தி இவற்றில் மருந்துக்கும் இல்லை என்றும் கட்டுரையாளர் எழுதியிருந்தார். முதல் குற்றச்சாட்டில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். இரண்டாவதை என்னால் ஏற்க முடியவில்லை. இணையப் பக்கங்களை வடிவமைப்பதையே தொழிலாகக் கொண்டவன் நான். இந்தச் சிறு விளையாட்டுகளைப் பார்த்துத் தொழில் நுணுக்கம் கற்றுக்கொண்டவர்களில் ஒருவன் என்ற உரிமையில் சில செய்திகளைத் தங்கள் வாசகர்களின் பார்வைக்கு வைக்க விரும்புகிறேன்.

முதலில் நேரக் கணக்கு. ஒரு விளையாட்டு இத்தனை லட்சம் மணி நேரத்தை விழுங்கிவிட்டது என்ற வகைக் கணக்குகள் அச்சில் பார்க்கும்போது மிரட்டும். பேக்-மேன் விளையாட்டின் 30ஆம் ஆண்டு நிறைவையொட்டி, 2010 மே 21 அன்று கூகுள் தன் முகப்புப் பக்கத்தில் இருக்கும் பெயர்ச் சின்னத்தையே ஆடக்கூடிய பேக்-மேனாக மாற்றி வைத்தது. அதனால் சுமார் 48 லட்சம் மணி நேரம் வீணாயிற்று என்று ரெஸ்க்யூடைம் என்ற நிறுவனம் மதிப்பிட, அந்த எண் பல நாடுகளில் செய்தியாயிற்று. அதே மதிப்பீட்டுக்கு அடிப்படையாக இருந்த இன்னோர் எண் அவ்வளவாக எடுபடவில்லை: ஒருவர் வழக்கத்தைவிடக் கூடுதலாக அந்தப் பக்கத்தில் கழித்த நேரம், சராசரியாக 36 வினாடி. எதையும் ஐம்பது கோடிப் பேரால் பெருக்கினால் பூதாகாரமாகத்தான் தெரியும். ஆகவே, எத்தனை மணி நேரம் போயிற்று என்பதைவிட, அந்த நேரம் ஆடுபவரின் கையில் இருந்ததா, விளையாட்டின் கையில் இருந்ததா என்று கேட்பதே பயன் தரும் என்பது என் கருத்து. அந்தக் கேள்விக்கு எல்லா உலாவி விளையாட்டுகளும் ஒரே விடையைத் தருவதில்லை.

வடிவமைப்பே இல்லை என்ற வாதத்தைப் பொறுத்தவரை, உலாவி விளையாட்டைச் செய்பவர் எந்த நிலையில் நின்று வேலை செய்கிறார் என்பதை முதலில் பார்க்க வேண்டும். பணம் கொடுத்து வாங்கி, பதிவிறக்கி, கணினியில் நிறுவி ஆட அமர்ந்தவர், பத்து நிமிடப் பயிற்சிக் காட்சிகளையும் பொறுத்துக்கொள்வார். ஏனென்றால் அவர் ஏற்கெனவே செலவு செய்துவிட்டார். யாரோ அனுப்பிய சுட்டியைத் தட்டி வந்தவருக்கு அப்படி எந்தக் கட்டாயமும் கிடையாது. பக்கத்தை மூடுவதற்கு அவருக்கு ஒரு சொடுக்கு போதும். எனவே என்ன செய்ய வேண்டும், எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும், எப்போது தோற்போம் என்ற மூன்றையும் ஒரு வரி விளக்கம்கூட இல்லாமல் சில வினாடிகளுக்குள் புரியவைத்தாக வேண்டும். பெரிய விளையாட்டைச் செய்பவர்களுக்கு இந்த நெருக்கடி பெரும்பாலும் இல்லை.

இணைய இணைப்பு அறுந்தால் குரோம் உலாவியில் தோன்றும் டைனோசரை அறியாதவர் குறைவு. 2014 செப்டம்பரில் வந்த இந்த விளையாட்டை மாதந்தோறும் 27 கோடி முறை ஆடுகிறார்கள் என்று 2018இல் கூகுளே தெரிவித்தது. ஸ்பேஸ் பாரைத் தட்டினால் ஓடும், மீண்டும் தட்டினால் குதிக்கும், கள்ளிச்செடியில் மோதினால் ஆட்டம் முடியும். அவ்வளவுதான் என்று தோன்றும். அதன் நிரல் யாரும் படிக்கும்படி வெளிப்படையாக இருக்கிறது, படித்துப் பார்த்தால் தெரியும் சங்கதிகள் வேறு. ஓடத் தொடங்கிய முதல் மூன்று வினாடிக்கு எந்தத் தடையும் வராது. கை பழகுவதற்கான அவகாசம் அது. தொடக்க வேகம் 6 என்று வைத்து, ஒவ்வொரு சட்டகத்துக்கும் (அதாவது திரையில் படம் ஒவ்வொரு முறை புதுப்பிக்கப்படும்போதும்) ஆயிரத்தில் ஒரு பங்கு என்ற அளவில் ஏற்றி, 13ஐ எட்டியதும் நிறுத்திவிடுகிறார்கள். வேகம் எப்போது கூடியது என்று ஆடுபவருக்குத் தெரிவதே இல்லை. தன் கைதான் தடுமாறுகிறது என்று நினைக்கிறார். பறக்கும் விலங்குகள் தொடக்கத்தில் எட்டிப் பார்ப்பதில்லை, வேகம் ஓரளவு ஏறிய பிறகே வருகின்றன. 700 புள்ளியைத் தொட்டால் பகல் இரவாக மாறுகிறது. ஆட்டத்தில் அதனால் எந்த மாற்றமும் இல்லை, ஆனாலும் இவ்வளவு தூரம் வந்துவிட்டோம் என்ற செய்தி ஒரு எழுத்துகூட இல்லாமல் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

இதைவிட எனக்குப் பிடித்தவை கண்ணுக்குத் தெரியாத இரண்டு ஏற்பாடுகள். டைனோசரின் உருவத்தைச் சுற்றி ஒரே பெரிய செவ்வகம் வரைந்து, அது கள்ளியின் செவ்வகத்தைத் தொட்டால் மோதல் என்று கணக்கிடுவது நிரலருக்கு எளிது. ஆனால் வாலுக்கு மேலே, கழுத்துக்குக் கீழே உள்ள வெற்றிடத்தில் கள்ளி பட்டாலும் தோல்வி என்றாகிவிடும், ஆடுபவர் ‘படவே இல்லையே’ என்று எரிச்சல் கொள்வார். எனவே தலை, உடல், கால் என்று உருவத்தைப் பல சிறு பெட்டிகளாகப் பிரித்து, அவை உண்மையிலேயே மோதினால்தான் ஆட்டத்தை நிறுத்துகிறார்கள். இரண்டாவது, தோற்றவுடன் சில கணங்களுக்கு ஸ்பேஸ் பாரைத் தட்டினாலும் அடுத்த ஆட்டம் தொடங்காது. பதற்றத்தில் ஸ்பேஸ் பாரைத் தட்டிக்கொண்டே இருக்கும் விரல், எங்கே மோதினோம் என்று கண் பார்ப்பதற்கு முன்பே புதிய ஆட்டத்தைத் தொடங்கிவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு இது. நியாயமாகத்தான் தோற்றோம் என்று ஆடுபவரை நம்பவைப்பதும், அந்தத் தோல்வியைப் பார்க்கச் சில கணங்கள் தருவதும், அதன்பின் மறுபடி ஆடுவதற்கு ஒரே தட்டு போதும் என்று வைத்திருப்பதும் சேர்ந்துதான் ‘இன்னும் ஒரே ஒரு தடவை’ என்ற எண்ணத்தைக் கிளப்புகின்றன. இதை வடிவமைப்பு என்று சொல்லாமல் வேறென்ன பெயரிட்டு அழைப்பது?

தடுமாற்றத்தையே விளையாட்டாக்கியவர்களும் உண்டு. பென்னட் ஃபாடி 2008இல் வெளியிட்ட க்வாப் விளையாட்டில், 100 மீட்டர் ஓட வேண்டிய வீரரின் தொடைகளுக்கு க்யூ, டபிள்யூ என்ற இரண்டு விசைகள், கெண்டைக்கால்களுக்கு ஓ, பி என்ற இரண்டு விசைகள். நான்கு விசைதானே என்று உட்காருபவர் பெரும்பாலும் இரண்டு மீட்டரைத் தாண்டுவதற்குள் மல்லாந்து விழுகிறார். விழுவது வேடிக்கையாக இருப்பதால் கோபம் வருவதில்லை. (பாதி வழியில் ஒரு தடை வேலியும் வைத்திருக்கிறார் அந்த மனிதர், அதுவரை போய்ச் சேர்ந்தவர்களுக்கு மட்டும் தெரிந்த குறும்பு அது.)

ஒரே ஒரு விளையாட்டைக் கூர்ந்து பார்க்க வேண்டும் என்றால் 2048ஐப் பரிந்துரைப்பேன். இத்தாலியைச் சேர்ந்த கேப்ரியேல் சிருல்லி, 19 வயதில், 2014 மார்ச் மாதத்து வார இறுதி ஒன்றில் எழுதியது. நான்குக்கு நான்கு என்ற கட்டத்தில் எண் பொறித்த வில்லைகள். அம்புக்குறி விசையை அழுத்தினால் எல்லா வில்லைகளும் அந்தப் பக்கமாகச் சறுக்கும். ஒரே எண் கொண்ட இரண்டு மோதினால் ஒன்றாகி இருமடங்காகும். ஒவ்வொரு நகர்வுக்குப் பின்னும் காலி இடம் ஒன்றில் புதிய வில்லை முளைக்கும். பத்தில் ஒன்பது முறை 2, ஒரு முறை 4. ஒரே நகர்வில் ஒரு முறை இணைந்த வில்லை அதே நகர்வில் மறுபடி இணையாது என்ற விதிதான் இதன் உயிர்நாடி. வரிசையில் நான்கு 2 இருந்தால், ஒரு நகர்வில் இரண்டு 4 கிடைக்குமே தவிர 8 கிடைக்காது. இந்தக் கட்டுப்பாடு இல்லையென்றால் வில்லைகள் தாமாகவே சரசரவென்று இணைந்துகொண்டு போகும், ஆடுபவர் வேடிக்கை பார்ப்பவராகிவிடுவார். இது இருப்பதால் தன் நகர்வின் விளைவை அவரால் முழுமையாகக் கணிக்க முடிகிறது; தெரியாமல் இருப்பது அடுத்து முளைக்கும் வில்லை ஒன்று மட்டும்தான். திறமைக்கும் அதிர்ஷ்டத்துக்கும் இடையே இவ்வளவு தெளிவாகக் கோடு கிழித்த விளையாட்டுகள் அதிகம் இல்லை.

காட்சியமைப்பிலும் அதே சிக்கனம். சிறிய எண்கள் வெளிறிய நிறத்தில் தொடங்கி, 8இல் ஆரஞ்சாகி, 64இல் சிவந்து, 128இல் பொன்னிறம் ஏறுகின்றன. எண்ணைப் படிக்காமலே கட்டத்தின் நிலைமையைக் கண் அளந்துவிடும். வில்லைகள் சறுக்குவதற்குப் பத்தில் ஒரு வினாடி, இணைந்த வில்லை தன் அளவைவிடச் சற்றே உப்பி அடங்குவதற்குப் பத்தில் இரண்டு வினாடி. இந்த உப்பலை எடுத்துவிட்டாலும் விதிகள் அப்படியே இருக்கும், ஆனால் ஆட்டம் வெறும் கூட்டல் கணக்காகச் சுருங்கிவிடும். 2048ஐ எட்டியவரிடம் தொடர்ந்து ஆடலாமா என்று விளையாட்டே கேட்கிறது. பாதியில் பக்கத்தை மூடிவிட்டுப் பிறகு திறந்தால், வைத்த இடத்தில் வைத்தபடி கட்டம் காத்திருக்கிறது. அது அழைப்பதுமில்லை, நினைவூட்டல் அனுப்புவதுமில்லை.

கட்டுரையாளர் எழுப்பிய அச்சத்துக்கு அடிப்படை இல்லாமல் இல்லை என்று சொன்னேன். அதை விளக்க, குக்கீ கிளிக்கர் நல்ல எடுத்துக்காட்டு. ஓர்டீல் என்ற பெயரில் இயங்கும் பிரெஞ்சு நிரலர் ஜூலியன் தியென்னோ 2013 ஆகஸ்டில் வெளியிட்டது. பெரிய பிஸ்கட் ஒன்றைச் சொடுக்கினால் ஒரு பிஸ்கட் கிடைக்கும். 15 சேர்ந்ததும் நமக்காகச் சொடுக்கும் சுட்டுக்குறி ஒன்றை வாங்கலாம். அது பத்து வினாடிக்கு ஒரு பிஸ்கட் தரும். ஒவ்வொன்று வாங்கும்போதும் அடுத்ததன் விலை 15 விழுக்காடு ஏறுகிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால், பத்தாவது சுட்டுக்குறியின் விலை 53 பிஸ்கட்தான். 101ஆவதன் விலையோ ஒரு கோடியே 76 லட்சத்தைத் தாண்டுகிறது. வருமானம் கூட்டலில் வளர, விலை பெருக்கலில் வளர்வதால், எவ்வளவு சேர்த்தாலும் அடுத்தது எப்போதும் கைக்கெட்டும் தூரத்துக்குச் சற்று அப்பால் நிற்கும். அப்போது புதிய வகைக் கருவி ஒன்று கண்ணில் படும், ஏக்கம் அங்கே தாவும். மனித ஆசையை இவ்வளவு அப்பட்டமாகச் சூத்திரத்தில் அடக்கியது பகடிதான் என்பது என் வாசிப்பு. ஆனால் பகடியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே மணிக்கணக்கில் சொடுக்கிக்கொண்டிருந்தவர்கள் ஏராளம் என்பதையும், பின்னால் வந்த பலர் சிரிப்பை விட்டுவிட்டுச் சூத்திரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு அதில் கட்டண வாசலைப் பொருத்தினார்கள் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

ஒரு விளையாட்டை நல்லது, தீயது என்று பிரிக்க வேண்டியிருந்தால், நான் பார்ப்பது அதன் நுழைவாயிலை அல்ல, வெளியேறும் வழியை. 2009 ஜூனில் ஃபேஸ்புக்கில் வந்த ஃபார்ம்வில், ஒரு கட்டத்தில் மாதத்துக்கு எட்டுக் கோடிப் பேருக்கு மேல் ஆடி, 2020 இறுதியில் நிறுத்தப்பட்ட விளையாட்டு. அதில் ஸ்ட்ராபெர்ரி விதைத்தால் நான்கு மணி நேரத்தில் விளையும். குறித்த காலத்துக்குள் வந்து பறிக்காவிட்டால் பயிர் வாடிவிடும். வாடிய பயிரைப் பார்த்தவர் அடுத்த முறை அலாரம் வைத்துக்கொண்டு எழுவார். ஆடும்போது கிடைக்கும் இன்பத்தால் அல்ல, ஆடாவிட்டால் நேரும் இழப்பால் ஒருவரைத் திரும்ப வரவழைக்கும் உத்தி அது. குக்கீ கிளிக்கரோடு ஒப்பிட்டுப் பாருங்கள்: அங்கே நீங்கள் பல நாள் எட்டிப் பார்க்காவிட்டாலும் சேர்த்த பிஸ்கட் குறைவதில்லை. இரண்டுமே சொடுக்கிச் சேர்க்கும் விளையாட்டுகள்தாம். ஒன்று உங்களைப் போக விடுகிறது, மற்றொன்று போனதற்குத் தண்டித்தது. கட்டுரையில் இந்த வேறுபாடு எங்குமே பேசப்படவில்லை.

போக விடுவதையே ஈர்ப்பாக மாற்றிக்காட்டியது வேர்டில். ஐந்தெழுத்து ஆங்கிலச் சொல், ஆறு முயற்சி, நாளுக்கு ஒரே ஒரு புதிர். ஜோஷ் வார்டில் தன் துணைவிக்காகச் செய்த இந்த விளையாட்டை 2021 நவம்பர் 1 அன்று ஆடியவர்கள் 90 பேர். 2022 ஜனவரி 2 அன்று மூன்று லட்சத்துக்கும் மேல். அப்போது விளம்பரம் இருக்கவில்லை, உள்நுழைவு இருக்கவில்லை, இரண்டாவது புதிர் கேட்டாலும் கிடைக்கவில்லை. ஐந்தெழுத்துச் சொற்கள் ஏறத்தாழ 12,000 இருந்தும், பலருக்கும் தெரிந்தவை எவை என்று அந்தத் துணைவியே ஒவ்வொன்றாகப் பார்த்து, சுமார் 2,500ஆகக் குறைத்துக் கொடுத்தார். தெரியாத சொல்லால் தோற்றவர் மறுநாள் வரமாட்டார் என்பது எளிய உண்மை. விடையை வெளியிடாமல், முயற்சிகளை மட்டும் பச்சை, மஞ்சள் கட்டங்களாகப் பகிரும் வசதி 2021 டிசம்பரில் சேர்ந்ததும் அது காட்டுத்தீயாகப் பரவியது. உலகில் எல்லாருக்கும் அன்றைக்கு ஒரே சொல் என்பதால்தான் அந்தக் கட்டங்களுக்குப் பொருள் இருந்தது. இதிலும் தொடர்ந்து எத்தனை நாள் வென்றீர்கள் என்ற கணக்கு ஒன்று இருக்கிறது. ஒரு நாள் தவறினால் அது சுழியமாகிவிடும் என்ற சிறு கொக்கியை ஜோஷ் வார்டில் வைக்காமல் விட்டிருக்கலாம் என்பது என் எண்ணம்.

நாளிதழுக்கு எழுதும் கடிதத்தில் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. குறுக்கெழுத்துப் போட்டி 1913 டிசம்பர் 21 அன்று நியூயார்க் வேர்ல்ட் இதழில் ஆர்தர் வின் என்பவரால் தொடங்கப்பட்டது. அது பரவியபோது, 1924இல் நியூயார்க் டைம்ஸ் அதைப் பாவகரமான விரயம் என்று கண்டித்து எழுதியது. அதே பத்திரிகை 1942இல் தானும் குறுக்கெழுத்து வெளியிடத் தொடங்கியது. 2022 ஜனவரி 31 அன்று வேர்டிலை வாங்கியதாகவும் அறிவித்தது. புதிர் பகுதிக்கு இடம் ஒதுக்கும் எந்தப் பத்திரிகையும் சிறு விளையாட்டுகளை மொத்தமாகப் பழிப்பதற்கு முன் சற்று யோசிக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

கட்டுரையாளர் கவனம் செலுத்தியிருக்க வேண்டிய வேறு குறைகள் உண்டு. ஒரு வார இறுதியில் எழுதக்கூடியதை ஒரு பிற்பகலில் நகலெடுக்கலாம். 2048கூட, ஆஷர் வோல்மரும் கிரெக் வோல்வெண்டும் ஓராண்டுக்கு மேல் உழைத்து 2014 பிப்ரவரியில் வெளியிட்ட த்ரீஸ் என்ற கைப்பேசி விளையாட்டின் வழியில் வந்ததே. அவர்கள் தங்களுக்குள் எழுதிக்கொண்ட மின்னஞ்சல்களையே பொதுவில் வைத்து, எத்தனை வடிவங்களை எழுதி எழுதி அழித்தார்கள் என்று காட்டினார்கள். எளிமையாக முடிந்த ஒன்று எளிதாகவும் செய்யப்பட்டிருக்கும் என்று நினைப்பவர்கள் அதை ஒரு முறை படிக்க வேண்டும். இன்னொன்று, இவை எளிதில் அழிந்துபோகின்றன. உலாவியில் விளையாட்டுகளை இயக்கிய ஃபிளாஷ் தொழில்நுட்பத்துக்கான ஆதரவை அதன் உரிமையாளரான அடோபி நிறுவனம் 2020 டிசம்பர் 31 அன்று நிறுத்தி, 2021 ஜனவரி 12 முதல் அது இயங்குவதையே தடுத்தபோது, ஏறத்தாழ இருபது ஆண்டுகளாகச் சேர்ந்த விளையாட்டுகள் ஒரே நாளில் உலாவியில் திறக்காமல் போயின. ஃபிளாஷ்பாயிண்ட் என்ற தன்னார்வத் திட்டம் லட்சத்துக்கும் மேற்பட்டவற்றைச் சேகரித்துக் காப்பாற்றியது. ரஃபிள் என்ற மென்பொருளின் துணையோடு இண்டர்நெட் ஆர்க்கைவ் தளத்திலும் பலவற்றை மீண்டும் ஆட முடிகிறது. ஆயினும் அவற்றில் பலவற்றைச் செய்தவர்கள் யார் என்பதே இன்று தெரியாது, ஏனெனில் அவை வெளிவந்த காலத்தில் யாரும் அவற்றைப் பற்றி எழுதிவைக்கவில்லை.

ஆகவே தங்கள் வார இணைப்பில் திரைப்படத்துக்கும் நூலுக்கும் உள்ளதுபோல உலாவி விளையாட்டுக்கும் ஒரு சிறு விமர்சனப் பத்தி வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். செய்தவர் பெயர், ஆண்டு, எந்த விசையால் ஆடுவது என்பவற்றோடு, விளம்பரம் எந்த இடத்தில் குறுக்கிடுகிறது, சேர்த்த புள்ளிகள் ஆடுபவரின் உலாவியிலேயே இருக்கின்றனவா, நிறுவனத்தின் கணினிக்குப் போகின்றனவா, பாதியில் மூடினால் என்ன இழப்பு என்ற விவரங்களும் அதில் இருந்தால், பிள்ளைகள் எதை ஆடுகிறார்கள் என்று தெரியாமல் தவிக்கும் பெற்றோருக்கும் உதவும். ஒரு விளையாட்டுக்கு நூறு சொற்கள் தாராளமாகப் போதும். மிச்சத்தை வாசகர் தாமே திறந்து ஆடிப் பார்த்துக்கொள்வார்.

இங்ஙனம்,
தங்கள் நெடுநாள் வாசகன்